கழுத்தில் நீலப் பொட்டு

சாயக் கிண்ணத்தைக் காணவில்லை. அலமாரித் தட்டில் அது இருந்த இடத்தில் நீல வட்டம் ஒன்று இன்னும் ஈரமாக மினுங்கியது.

ஷபியுல்லா அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பார்த்தார். எழுபத்திரண்டின் ஐப்பசி மழை. பொழுது சாயும் முன்பே கரண்ட் போயிருந்தது. செராமிக் சூளைகளின் கரிப்புகை ஈரத்தோடு இறங்கி, மருந்துக் கடையின் டிஞ்சர் வாசனையோடு கலந்து தொண்டையைக் கரித்தது. பின்கட்டுத் தகரத்தில் மழை விழும் இரைச்சலுக்குள் வேறொரு சத்தம், கனமான எதையோ மண்ணில் இழுப்பது போல, வந்து நின்று மறுபடி வந்தது.

அந்தச் சாயத்தைக் கொடுத்தவனே சூளைத் தொழிலாளி பழமலைதான். பொம்மைக்குப் பூசுவது. சூளையில் கை வெந்தபோது வலி தெரியாமலிருக்க அவனுக்குப் பெத்திடின் ஊசி போட்டார்கள். புண் ஆறியது, ஊசி நிற்கவில்லை. ஊரில் இப்படிச் சிலர். குப்பையில் பொறுக்கிய காலிக் குப்பியைக் காட்டிப் புதுசு கேட்டார்கள். அதனால் ஷபியுல்லா, விற்கும் ஒவ்வொரு ஊசிமருந்துக் குப்பியின் கழுத்திலும் நீலப் பொட்டு வைத்தார். பொட்டோடு, கழுத்து ஒடித்த குப்பி திரும்பி வந்தால்தான் அடுத்தது. ஊரின் மற்ற இரண்டு மருந்துக் கடைக்காரர்களும் சாயங்காலம் தங்களிடம் வந்த டாக்டர் சீட்டுகளை இங்கே கொண்டுவந்து ஒத்துப் பார்த்தார்கள். மூன்று டாக்டர்களின் சீட்டிலும் பழமலை இருந்தான். மூன்று கடையும் அவனுக்கு நிறுத்தின.

இன்று காலையில் அவன் பெண்சாதி கொளஞ்சியம்மாள் வந்திருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு குடுங்க பாய். இன்னிக்கி என்னக் கொன்னுடுவாரு."

ஒருத்தருக்குத் தளர்த்தினால் எல்லாருக்கும் தளர்த்த வேண்டிவரும் என்றார் ஷபியுல்லா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அவள் சிரித்தாள்.

"அவர நான் கூட்டிக்கினு போறதா? நல்லா இருக்குது பாய் உங்க சட்டம்."

இழுக்கும் சத்தம் நின்றது.

பின்கதவு திறந்திருந்தது. பூட்டு கீழே கிடந்தது.

"பாய்."

பழமலை உள்ளே வந்தான். மூக்கு ஒழுகியது. உடம்பு உதறியது. இழுத்து வந்ததைத் தூக்கி மேசைமேல் கிடத்தினான். வளையல்கள் நொறுங்கின. கொளஞ்சியம்மாள். குப்புறக் கிடந்தாள். முகம் மட்டும் கூரையைப் பார்த்தது.

திருகிய கழுத்தில் நீலப் பொட்டு.

"ஒடிச்சிக் கொண்டாந்திருக்கேன். பொட்டு இருக்குது பாருங்க. புதுசு எடுங்க."

ஷபியுல்லா சாவியை எடுத்தார். பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை நீட்டினார். பழமலை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஒண்ணுக்கு ஒண்ணுதான?"

ஷபியுல்லா தலையாட்டினார்.

"எனக்கு ரெண்டு வேணும் பாய்."

வெந்த கை பிடரியைப் பிடித்தது. தொண்டைக்குழியில் சில்லென்று தூரிகை பட்டது.

"ஆடாம நில்லுங்க. காயட்டும்."