குமிழிலிருந்து நுனிவரை

சேர்வராயன் மலைவாழ் பெருமக்களுக்கு இதனால் அறிவிப்பது என்னவென்றால், நாகலூர் பஸ் நிறுத்தத்தில், மழை நாளொன்றின் மாலை நாலேகாலுக்கு, காதல் என்னும் மகத்தான நிகழ்வு நடந்தேறியது. நாலு மணி பஸ் வராததால்.

காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஸ்டெபின், வயது நாற்பத்தொன்று, கையில் ரப்பரோடு உட்கார்ந்திருந்தான். மடியில் பங்குக் கோயிலின் மாத இதழ். அதில் வெப்பமானி சுடோகு. கட்டங்களின் மேல் வெப்பமானி வரைந்திருக்கும். குமிழிலிருந்து நுனிவரை எண்கள் ஏறவேண்டும். தாள் ஓட்டையாகும்வரை அழித்தாயிற்று.

"இதைப் போட்டவங்களுக்கு ஒம்பது வரைக்கும் எண்ணத் தெரியாதுங்க," என்றான், பக்கத்தில் நனைந்து நின்றவளிடம்.

அவள் திரும்பினாள். காப்பிப் பழம் போன்ற கண்கள்... மூன்று வகுப்புப் பரீட்சைத்தாள் திருத்தினால் கண் அப்படித்தான் சிவக்கும்.

"போட்டது நான்தானுங்க," என்றாள் கணக்கு டீச்சர் இன்பமேரி.

நல்ல ஆரம்பம்.

"ஆறு மாசமா 'விடை இல்லை'னு கடுதாசி வருதுங்க. 'விதிகளை மதிக்கும் வாசகன்'னு கையெழுத்து வேற. நொம்ப சலிச்சுப்போச்சு. இனிமேப் போடலைன்னு கோயில்ல எழுதிக் குடுக்கத்தான் போறேன்." கையில் ஒரு கவர்.

ஸ்டெபின் ரப்பரைக் கீழே வைத்தான். மாதம் முழுக்க அவன் காத்திருப்பது அந்த ஒரு பக்கத்துக்குத்தான்.

அவள் தாளை எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, ரெண்டு, மூணு, நாலுன்னு எதுக்குங்க வரிசையாப் போட்டிருக்கீங்க?"

"ஏறணும்னுதானுங்களே விதி?"

"ஒவ்வொண்ணா ஏறணும்னு எங்க இருக்குது? ரெண்டுக்கு அடுத்து ஏழுகூட வரலாம்ங்க."

"நடுவுல நாலு படியைத் தாண்டி யாருங்க கால் வைப்பாங்க?"

"அவசரம் இருக்கறவங்க."

ஆறு மாதம், ஆறு கடிதம், ஒரே தப்பு. வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் தப்பும். ஆனால் இதழில் அந்தப் புதிர்ப் பக்கம் நின்றுபோகும்...

"அந்த வாசகன் நான்தானுங்க."

அவள் கவரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வேற யாரும் ஒரு கடுதாசிகூட எழுதலைங்க," என்றாள் அவள். "படிக்கறதே நீங்க ஒருத்தர்தான் போல."

"எனக்கு நாப்பத்தொண்ணு ஆச்சுங்க. ஒவ்வொரு படியா ஏற இனித் தெம்பில்லை. தாண்டியே கேட்டுடறேன்... என்னைக் கட்டிக்கறீங்களா?"

அவள் களைத்த கண்களைக் கசக்கிக்கொண்டாள். கவரை நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டாள். பஸ் வந்து நின்றது.

"விதியைப் படிக்காம எதையும் ஆரம்பிக்கக் கூடாதுங்க. ஏறுங்க, போற வழியில சொல்றேன்."

கல்யாண நினைப்பில் டீச்சர் போட்ட அடுத்த மாதப் புதிருக்கு உண்மையிலேயே விடை இல்லை.