ஏழு மணிக் கார்

8 ஏப்ரல் 2025, செவ்வாய்

முதலில் நேற்றைய தவறு. ஜெர்மன் வகுப்பை முழுவதுமாகத் தவறவிட்டேன். ஆசிரியை ஐரோப்பாவில், கிராட்ஸ் நகரில் இருந்துகொண்டு ஆன்லைனில் நடத்தும் வகுப்பு அது. அதற்கு முந்திய திங்களன்று ஈத் விடுமுறை. நேற்று வழக்கம்போல இரவு எட்டு மணிக்குக் கணினியைத் திறந்தால், எல்லோரும் கையசைத்து விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். நேரம் மாறியதாக எந்த அறிவிப்பும் வரவில்லை. என் குறிப்பேட்டில் நவம்பரிலிருந்து எட்டு என்றுதான் இருக்கிறது. நான்தான் எதையோ கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று மன்னிப்பு எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகு பார்த்தால் அதிலும் இரண்டு பிழைகள்.

இன்று மாலை அலுவலகத்துக்கு வந்தவரைப் பற்றி வரிசையாக எழுதி வைக்க வேண்டும். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

இங்கே வளைகுடாவில், முவைலா என்னும் பகுதியில் ஒரு கஃபெட்டீரியாவுக்கு மேலே எங்கள் அலுவலகம். ராதாக்காவும் நானும் மட்டும்தான். விசா விண்ணப்பம் நிரப்புவோம். குறைந்த செலவில் ஐரோப்பா போகிறவர்களுக்கு வழித்திட்டம் போட்டு ஒரே தாளில் அச்சடித்துக் கொடுப்போம். எந்த ஊரில் எந்த விடுதி, எங்கே யாருடைய காரில் ஏற வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். அங்கேயும், காசு கொடுத்துச் சேர்ந்து போகும் நம் கார் லிஃப்ட் மாதிரிதான். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தன் காரில் போகிறவர் காலி இருக்கைகளை ஆப்பில் போடுவார். முன்பதிவு செய்துவிட்டு, சொன்ன இடத்தில் போய் நின்றால் ஏற்றிக்கொள்வார்.

ஐந்து மணிக்குத் துஷாந்தன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அபுதாபி பக்கம் முசஃபாவில் கிரேன் மெக்கானிக். மூன்று பஸ் மாறி வந்திருந்தார். கையில் எங்கள் தாள் எட்டாக மடிந்து கசங்கியிருந்தது.

“சண்டை பிடிக்க வரேல்ல அக்கா. ஒண்டு மட்டும் கேக்கோணும். இந்தத் தாள்ல வியன்னாக் கார் ஏழு மணி எண்டுதானே இருக்கு?”

ராதாக்கா தாளை வாங்கி மேசையில் விரித்தார். “ஏழு மணிதான். உக்காருங்க தம்பி. மஹதி, கீழ சொல்லி மூணு கரக் டீ வரச் சொல்லு.”

துஷாந்தனுக்கும் கஜந்திக்கும் நிச்சயமாகியிருக்கிறது. கஜந்திக்குக் குவைத்தில், ஃபஹாஹீலில் ஒரு மருந்துக் கடையில் வேலை. அவளுடைய தந்தை பாரிஸில் இருக்கிறார். மகளைப் பார்த்து ஒன்பது வருடம். மாப்பிள்ளையை நேரில் பார்த்த பிறகுதான் நாள் குறிப்பேன் என்று சொல்லியிருந்தார். ஈத் லீவில் இவர் அபுதாபியிலிருந்து புடாபெஸ்டுக்கும், அவள் குவைத்திலிருந்து இரவு விமானத்தில் வியன்னாவுக்கும் மலிவு டிக்கெட்டில் போய், மார்ச் 30, ஞாயிறு காலை வியன்னாவில் பாரிஸ் போகும் ஒரே காரில் ஏறி, இருவருமாகத் தந்தையின் வாசலில் போய் நிற்பது என்பது திட்டம்.

“கால் மணித்தியாலம் முந்தியே போயிட்டன் அக்கா. காரும் இல்லை, அவவும் இல்லை. ஏழரை வரைக்கும் நிண்டிட்டுத் திரும்ப விடுதிக்குப் போய் வைஃபையைப் போட்டால், அவவின்ர மெசேஜ் கிடக்கு, ‘கார் வெளிக்கிடுது, நீங்கள் வரேல்ல’ எண்டு. ஆறு இருபத்தஞ்சுக்கு அனுப்பியிருக்கிறா. ஏழு மணிக் கார் ஆறு இருபத்தஞ்சுக்கு வெளிக்கிடுமா?”

“அவங்க என்ன சொல்றாங்க?”

“ஏழு இருபத்தஞ்சு மட்டும் டிரைவரைக் கெஞ்சி நிப்பாட்டி வச்சனான் எண்டு சொல்லுறா. நான் பொய் சொல்லுறனாம். கலியாணத்துக்குப் பயந்து திரும்பி ஓடிட்டனாம்.” அவர் தேநீரைத் தொடவில்லை. “தனியப் போய் நிண்டவவைப் பாத்துத் தேப்பன் கேட்டிருக்கிறார், பெடியன் எங்கை எண்டு. நாளைக்கு யாழ்ப்பாணத்துக்கு, எங்கட வீட்டுக்கு ஃபோன் எடுத்து, இந்தச் சம்பந்தம் வேண்டாம் எண்டு சொல்லப் போறாராம்.”

நான் குறிப்பேட்டைத் திறந்து இரண்டு சாத்தியங்களை எழுதினேன். ஒன்று, டிரைவர் முன்னதாகவே கிளம்பியிருக்கிறார். கஜந்தி அதை மறைக்கிறாள். இரண்டு, துஷாந்தன் அங்கே போகவே இல்லை. இரண்டாவதை எழுதும்போது அவர் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டேன்.

ராதாக்காவின் கேள்விகள் வேறு திசையில் போயின.

“சனிக்கிழமை புடாபெஸ்ட்லேருந்து வியன்னா வந்தீங்களே, அந்தக் கார் நேரத்துக்கு வந்துச்சா?”

“டாண் எண்டு. ரெண்டு மணி எண்டால் ரெண்டு மணி.”

“ஃபோன்ல சிம் இருந்துச்சா?”

“அந்த ஊர் சிம் வாங்கேல்ல. விடுதி வைஃபை மட்டும்தான்.”

“வியன்னாவுல ஃபோன் எந்த ஊர் நேரம் காட்டுச்சு?”

“எங்கட நேரம்தான். என்ர ஃபோன் எங்க போனாலும் மாறாது.” முதல் தடவையாகச் சிரித்தார். “போன வருசம் சிலாவில சைட். சவூதி எல்லை பக்கத்தில. ஃபோன் அடிக்கடி அவங்கட டவரைப் பிடிச்சு ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போயிடும். அலாரம் பிந்தி அடிச்சு, ரெண்டு நாள் டியூட்டிக்குப் பிந்திட்டன். போர்மன் ஹசன் அலி பாய் ஃபோனைப் பறிச்சு, தானா மாறுறதை நிப்பாட்டிப்போட்டு, ‘கலாஸ், முடிஞ்சுது, இனி உனக்கு முசஃபா டைம்தான்’ எண்டார். அங்க வேலை செய்யிற எல்லாரும் அப்பிடித்தான் வச்சிருக்கிறம்.”

“அப்ப வியன்னா நேரத்தை எப்படிப் பார்த்தீங்க?”

“கழிச்சுத்தான். நான் போய்ச் சேரேக்க எங்கட ஒன்பதே முக்கால். அங்க ஆறே முக்கால்.”

சிலா என்று எழுதி, வழக்குக்குத் தொடர்பில்லை என்று அடித்துவிட்டேன். அந்தக் கோடு இப்போதும் குறிப்பேட்டில் இருக்கிறது.

“கழிக்கிறதில பிழை விட்டிட்டன் எண்டு நினைக்காதையுங்கோ. இஞ்ச பாருங்கோ.” அவர் ஒரு படத்தைக் காட்டினார். திறந்தவெளிப் பார்க்கிங், நடுவில் ஒரு பலகை, அப்பால் ஒரு பேக்கரி. கண்ணாடி வழியாக உள்ளே சுவர்க் கடிகாரம் தெரிந்தது. ஆறே முக்கால்.

என் இரண்டாவது சாத்தியம் செத்தது. கஜந்திதான் பொய் சொல்கிறாள் என்று ராதாக்காவின் காதருகே சொன்னேன்.

“சொல்லலாம். அவங்ககிட்டயும் கேட்டுட்டு முடிவு பண்ணு” என்றார்.

துஷாந்தனின் எண்ணைக் கஜந்தி பிளாக் செய்திருந்தாள். அவளும் எங்கள் வாடிக்கையாளர் என்பதால், அலுவலக எண்ணிலிருந்து ராதாக்கா செய்தி அனுப்பினார்: ‘அன்று காலை காத்திருந்தபோது ஏதாவது படம் எடுத்தீர்களா?’ பத்து நிமிடத்தில் ஒரு படம் வந்தது. அதே பார்க்கிங், அதே பலகை. கீழே அவளுடைய சிவப்புப் பெட்டி. ‘ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு அப்பாவுக்கு அனுப்பினது. வாறம் எண்டு’ என்று எழுதியிருந்தாள்.

ராதாக்கா இரண்டையும் அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “மஹதி, ஆறே முக்கால் படம் முதல்ல, ஏழு அஞ்சு படம் அடுத்தது. என்ன வித்தியாசம்?”

“முதல் படத்தில் பேக்கரி திறந்திருக்கிறது. அடுத்ததில் ஷட்டர் மூடியிருக்கிறது.”

“காலையில கடையைத் திறந்துட்டு இருபது நிமிஷத்துல மூடிட்டாங்களா?”

நான் இரண்டு படங்களையும் கிட்டே இழுத்தேன்.

“சரி, பலகையோட நிழலைப் பாரு.”

கஜந்தியின் படத்தில் நிழல் பார்க்கிங் முழுவதையும் கடந்து பேக்கரியின் சுவரையே தொட்டது. துஷாந்தனின் படத்தில் பாதி தூரத்திலேயே முடிந்துவிட்டது. சூரியன் ஏற ஏறக் காலை நிழல் சுருங்கும். அப்படியானால் ஆறே முக்கால் படம்தான் பிந்தியது. ஏழு ஐந்து படம் அதற்கு முந்தியது.

“அந்தக் கடிகாரம் நின்றுபோன கடிகாரமோ?” என்றேன்.

“நின்னுபோன கடிகாரமும் தம்பியோட கணக்கும் நிமிஷம் பிசகாம ஒத்துப்போகுமா? ரெண்டும் ஓடுது. ரெண்டும் ஒரே தப்பைப் பண்ணுது.”

ஆறு மணிக்குக் கஜந்தியை வீடியோவில் அழைத்தார். மருந்துக் கடையின் பின்னறையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள்.

“பத்து நிமிசம்தான் பிரேக் அக்கா. அவர் அங்க இருந்தால் நான் கட் பண்ணுறன்.”

“இருக்கார். வாயைத் திறக்க மாட்டார். அப்பா நாளைக்கு ஊருக்குப் பேசுறதுக்கு முந்தி நீங்க இதைக் கேட்டே ஆகணும்.” துஷாந்தனைச் சுவரோரம் நகரச் சொன்னார். அவர் நகர்ந்தார். “அன்னைக்கு நீங்க ஏழு இருபத்தஞ்சு வரைக்கும் நின்னீங்க. உண்மை. அவர் அந்த இடத்துக்கு வந்தார். அதுவும் உண்மை. நீங்க போய் இருபது நிமிஷம் கழிச்சு, ஏழே முக்காலுக்கு வந்தார். தனக்கு ஆறே முக்கால்னு நினைச்சுக்கிட்டு வந்தார்.”

“ஒரு மணித்தியாலத்தை எங்க விட்டவராம்?”

ராதாக்கா என் பக்கம் திரும்பினார். “மஹதி, நேத்து உன் வகுப்பு எத்தனை மணிக்கு?”

“எட்டு. ஆனால் ஏழுக்கே...”

“உங்க டீச்சருக்கு அது எத்தனை மணி?”

“எப்போதும் ஐந்து மணி.”

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. குளிர்காலம் முழுவதும் அவருக்கு ஐந்து, எனக்கு எட்டு. நேற்று அவருக்கு ஐந்து, எனக்கு ஏழு. ஆசிரியை நேரத்தை மாற்றவே இல்லை. மாறியது அந்த நாட்டின் கடிகாரம்.

“மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமை விடியக்காலையில அங்க எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வைப்பாங்க, கஜந்தி. இந்த வருஷம் அது மார்ச் முப்பது. நம்ம ஈத் லீவும் அப்பத்தான். இங்க வருஷம் முழுக்க ஒரே நேரம், அதனால நம்ம யாருக்கும் அந்த நினைப்பே வராது. உங்க ஃபோன் தானா மாறிடுச்சு, உங்களுக்குத் தெரியவே இல்ல. தம்பி ஃபோன் சிலாவுல பூட்டின பூட்டு. சனிக்கிழமை மூணு மணி கழிச்சார், சரியா வந்துச்சு. ஞாயித்துக்கிழமையும் மூணே கழிச்சார். ரெண்டுதான் கழிச்சிருக்கணும். உங்க மெசேஜ் அவர் ஃபோன்ல ஒன்பது இருபத்தஞ்சுன்னு விழுந்துச்சு. ரெண்டு கழிச்சா ஏழு இருபத்தஞ்சு. நீங்க சொன்ன அதே நேரம். பேக்கரிக்காரர் சுவர்க் கடிகாரத்தை அதுவரைக்கும் மாத்தலை.”

“திரும்பி வரேக்கையும் எனக்குத் தெரியேல்லையே அக்கா” என்றார் துஷாந்தன், பேசக் கூடாது என்பதை மறந்து.

“எப்படித் திரும்பினீங்க?”

“முதல் வந்த பஸ்ஸில ஏறிப் புடாபெஸ்ட் போய், பிளேன் வரும் மட்டும் எயார்போட்டிலயே படுத்துக் கிடந்தனான். ரெண்டு நாள்.”

“படுத்துக் கிடந்தவருக்கு மணி எதுக்கு?”

கஜந்தி திரையில் தலை குனிந்திருந்தாள். பிறகு, “ரெண்டு நாளா?” என்று கேட்டாள். கேள்வி ராதாக்காவுக்கு இல்லை.

“ஓம்.”

“சாப்பிட்டனீங்களா?”

“பேக்கரியில வாங்கின பாண் இருந்தது.”

அந்த நேரத்தில் நான் மேசையில் கிடந்த எங்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை மூன்று கழிக்கச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசி வரி மடிப்பில் பாதி அழிந்திருந்தது. ஆனால் படிக்க முடிந்தது: ‘ஐரோப்பிய நேரம் = நம் நேரத்தில் 3 மணி குறைவு.’ ஜனவரியில் நான் தட்டச்சு செய்தது. அன்று அது சரி.

“அந்த வரி என்னுடையது” என்றேன். “பயணத் தேதிக்கு என்ன வித்தியாசம் என்று நான் பார்க்கவில்லை. அவர் தாளில் இருந்தபடிதான் செய்திருக்கிறார்.”

ராதாக்காவுக்கு அது தாளை விரித்தபோதே தெரிந்திருக்கிறது. அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்ததை நான் பார்த்தேன். தாளை நீவுகிறார் என்று நினைத்தேன். “கீழ கையெழுத்து என்னோடது” என்று மட்டும் சொன்னார்.

துஷாந்தன் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். “பறவாயில்லை தங்கச்சி. சிலாவில ரெண்டு நாள் பிந்தினவன் நான்” என்றார்.

திரையில் கஜந்தி சிரிக்கத் தொடங்கியிருந்தாள். கண்ணைத் துடைத்தபடியேதான் சிரித்தாள். “அக்கா, ஞாயிறு இரவு நான் போய்ச் சேரேக்க, அப்பா கதிரையில ஏறி நிண்டு சுவர் மணிக்கூட்டைத் திருத்திக்கொண்டு நிண்டவர். விழுந்திடுவார் எண்டு கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான். பிடிச்சுக்கொண்டே இவரைத் திட்டினனான்.”

“அப்ப அப்பாவுக்கு விளக்கவே வேண்டாம். ரெண்டு படத்தையும் தாளையும் அனுப்புங்க. கதிரையை ஞாபகப்படுத்துங்க.”

“பிரேக் முடிஞ்சுது.” அவள் எழுந்தாள். “அவருக்குச் சொல்லுங்கோ, பிளாக்கை எடுத்துவிடுறன் எண்டு. முதல்ல அந்த ஃபோனின்ர பூட்டைத் திறக்கச் சொல்லுங்கோ.”

“நீர் நேரா எனக்கே சொல்லலாம், இஞ்சதான் நிக்கிறன்” என்றார் துஷாந்தன். அழைப்பு அதற்குள் முடிந்திருந்தது. அவர் அமைப்புகளைத் திறந்து, நேரம் தானாக மாறும் பொத்தானைத் தள்ளினார். திரையில் எதுவும் மாறவில்லை; இங்கே அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. ஆறிப்போன கரக்கை ஒரே மடக்கில் குடித்தார். படிக்கட்டில் இறங்கும்போதே அவருடைய ஃபோன் அடித்தது. பாதிப் படியில் நின்று வெகுநேரம் பேசினார். கீழே போக வேண்டியவர்கள் அவரைச் சுற்றிப் போனார்கள். ஏழு மணிக்கு அலுவலக எண்ணுக்குக் கஜந்தியின் செய்தி வந்தது: அப்பா யாழ்ப்பாணத்துக்கு நாளை பேசுவாராம், நாள் பார்க்கச் சொல்லி.

நாளை காலை முதல் வேலை, தாளின் கடைசி வரியை அழித்துவிட்டு, ஒவ்வொரு ஊருக்கும் அந்தத் தேதியில் என்ன நேரம் என்று தனித்தனியாகப் பார்த்து எழுத வேண்டும். பழைய தாளோடு இப்போது பயணத்தில் இருப்பவர்கள் நான்கு பேர், இந்த மாதம் கிளம்புகிறவர்கள் ஏழு பேர். பதினொருவரையும் பத்து மணிக்குள் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அக்டோபர் 26-ஐச் சுவர் நாள்காட்டியில் சிவப்பில் வட்டமிட வேண்டும். அன்று வித்தியாசம் திரும்பவும் மூன்றாகும். அதுவரை என் திங்கள் வகுப்பு மாலை ஏழு மணிக்கு.