நீர்நடை உரிமம்

மன்னார் வளைகுடாவின் அடியில் அமைந்த சங்குத்துறையில், எதிர்வீட்டுக்குப் போய்க் காப்பித்தூள் வாங்கி வரவும் நீர்நடை உரிமம் வேண்டும். அங்கே வீடு என்பது தூண்களின் மேல் நிற்கும் காற்றுக் குமிழ். கதவைத் திறந்தால் கடல்.

நாற்பத்தாறு வயது பிலோமினா, குமிழ் மருத்துவமனையில் செவிலியாக வேலை கிடைத்துத் தரையிலிருந்து வந்தவள். நான்கே நாள் பயிற்சியில் உரிமம் வாங்கிவிட்டாள். பயிற்சித் தொட்டியின் நீர் வெதுவெதுப்பாக, பளிங்கு மாதிரி இருந்தது. முதுகில் காற்றுக்கலத்துடன் அடியில் முட்டி போட்டு, முகக்கண்ணாடிக்குள் தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். எட்டு வினாடியில் செய்து காட்டினாள். தேர்வு வைத்து உரிமம் தரும் உரிமப்பொறி நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டது.

முதல் நாள் வேலைக்குக் கிளம்பியபோது, அதே குமிழின் அடுத்த அறையில் இருந்த கஸ்பார் வந்து நின்றான். பன்னிரண்டு வருடமாக ஊரின் காற்றுக் குழாய்களைப் பழுதுபார்ப்பவன்.

"அக்கா, நானும் அந்தப் பக்கந்தான். ஒங்க உரிமத்துல வந்துக்கிடுதேன்."

உரிமம் இல்லாதவர், உரிமம் உள்ளவர் தலைமையில் மட்டுமே வெளியே போகலாம் என்பது சட்டம். இத்தனை வருடம் கடலில் கிடந்தவனுக்கு உரிமம் இல்லையா? பிலோமினாவுக்கு வியப்பாக இருந்தது. போய்ச் சேர்ந்தபின் கேட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள்.

பாதி வழியில் நீரோட்டம் இழுத்தது. கலங்கல் கண்ணை மறைத்தது. திரும்பிப் பார்த்தவளின் கண்ணாடி நகர்ந்து, உள்ளே குபுக்கென்று தண்ணீர் ஏறியது. முட்டி போட வேண்டும் என்பது மட்டும்தான் அவளுக்கு நினைவு வந்தது. கால்களை மடக்கினாள். கீழே தரை இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே உதைத்தாள்.

ஒரு கை அவள் காலைப் பற்றி இழுத்தது. காதில் மாட்டியிருந்த செவிச்சில்லில் கஸ்பாரின் குரல் கேட்டது.

"மூச்ச அடக்கிக்கிட்டு மேல போகாதீங்க, நுரையீரல் கிழிஞ்சிரும்! கத்துங்கக்கா! என்னத்தையாவது கத்துங்க!"

கத்தினாள். வாயிலிருந்து குமிழிகள் பறந்தன. அவளுடைய இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு அவன் அப்படியே மிதந்தான். "தரையத் தேடாதீங்க. இப்ப மெதுவா ஊதுங்க." ஊதினாள். கண்ணாடி தெளிந்தது.

மருத்துவமனைக் குமிழுக்குள் வந்து கண்ணாடியைக் கழற்றியதும், "ஒங்களுக்கா உரிமம் இல்ல?" என்று கேட்டாள்.

"மூணு வாட்டி பெயிலுக்கா. மிதந்துக்கிட்டே ஊதுனேன். முட்டி போடலன்னு பொறி கழிச்சுப்புட்டுது."

பிலோமினா அன்றே உரிமப்பொறியின் முன் போய் நின்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"பதிவைச் சரிபார்த்தேன். உரிமம் பெற்ற நீங்கள், உரிமம் பெறாத ஒருவரை ஆபத்திலிருந்து பத்திரமாக அழைத்துச் சென்றிருக்கிறீர்கள். பாராட்டுகள். பயிற்றுநராக உயர்த்தப்படுகிறீர்கள்."

"தலைகீழாச் சொல்லுதியே! அவருதான் என்னக் காப்பாத்துனாரு."

"அப்படிக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை."

"இந்தப் புத்திய ஒனக்கு யாரு குடுத்தா?"

"தரையில் நூறு ஆண்டுகளாக ஓட்டுநர் உரிமம் வழங்கிய கோப்புகளைப் படித்துக் கற்றுக்கொண்டேன்."

பிலோமினா பதவியை வேண்டாம் என்று சொல்லவில்லை. கஸ்பாரைத் தன் மாணவனாகப் பதிந்துகொண்டாள்.

அடுத்த மூன்று மாதம் அவன் அவளைத் தினமும் வெளியே கூட்டிப் போனான். மூச்சாலேயே உடம்பை ஏற்றி இறக்குவது, நீரோட்டத்துக்கு எதிரே மல்லுக்கட்டாமல் சாய்ந்து போவது, பயம் வரும்போது எதையும் செய்யாமல் இருப்பது. இதில் எந்தப் பாடமும் தொட்டியில் இருந்ததில்லை. பிறகு, பயிற்றுநர் என்ற அதிகாரத்தில் அவனுக்குத் தேர்ச்சி போட்டு அனுப்பினாள்.

பொறி உடனே உரிமம் வழங்கியது. 'ஒன்றும் அறியாதிருந்தவர், பயிற்றுநர் பிலோமினாவின் திறமையால் மூன்றே மாதத்தில் தேர்ந்தார்' என்று மேலே பாராட்டு. கீழே ஒரு குறிப்பு: 'கடலுக்குப் புதியவர் என்பதால் ஓராண்டுக்கு அனுபவசாலி ஒருவர் துணையின்றி வெளியே செல்லக்கூடாது.'

கஸ்பார் அதை இரண்டு முறை படித்தான்.

"யாருக்கா அந்த அனுபவசாலி?"

அந்த வரிக்கு நேரே பொறி 'பிலோமினா' என்று போட்டிருந்ததை, அவள் சங்கடத்தோடு விரலால் தொட்டுக் காட்டினாள்.