சுவரில் தொங்கிய வலது கைகள்

அழைப்பு மணி இருந்தும் துப்பறிவாளரின் கதவை முஷ்டியால் இடித்துக்கொண்டு வந்தவர் ஒரு பாலம் கட்டும் மேஸ்திரி. அவருடைய இடது முழங்கால் இரும்பு. தூண் சரிந்து நசுங்கிய கால் அது. அதைச் சொல்ல அவர் என்றும் வெட்கப்பட்டதில்லை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"சாயந்தர மணி அடிச்சதும் என் பையனைக் கொல்லப் போறாங்க. அங்க சேர்றவங்க நெஞ்சுல பூட்டற மூச்சு மெஷினைப் பிடுங்கி எறியறதுதான் தண்டனையாம்."

"எங்கே?" என்றார் துப்பறிவாளர்.

"ஒலிச் சபையில." சொல்லும்போதே அவர் உதடு கோணியது.

உறுப்பு போனால் இரும்பு பூட்டிக்கொள்வது எல்லாக் குடும்பங்களிலும் உள்ளதுதான். ஆனால் பெற்றவர்கள் கொடுத்த நல்ல வலது கையை வெட்டிக் கொடுத்து, இரும்புக் கை வாங்கி, அதன் வழியே வானத்து ஒலியைக் கேட்கிறோம் என்பவர்கள் அந்தச் சபைக்காரர்கள் மட்டுமே.

"வெட்டிக்கிட்ட அன்னிக்கே வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன். அது வேற விஷயம். எங்க பரம்பரையில கொலைகாரன் கிடையாது. அதை நிரூபிச்சுக் குடுங்க."

"உயிரோட மீட்டா போதாதா, ஐயா?" என்றாள் உதவியாளர். எதற்கும் முந்திக்கொள்வதால் அவளுக்கு 'அவசரம்' என்றே பெயர்.

"பழியோட மீட்டு என்னம்மா பண்றது?" என்றார் மேஸ்திரி. குரலைத் தாழ்த்தாமலே வாசலை நோக்கி நடந்தார்.

சபைக் கூடத்தின் சுவர் முழுக்கக் கொக்கிகள். வழிபாட்டின்போது கதவை உள்ளே பூட்டிவிட்டு, ஒவ்வொருவரும் வலது கையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கண்மூடி உட்காருவார்கள். தொங்கும் கைகள் மட்டும் கூடம் அதிர இரும்பு விரல்களை விரித்து மூடி வணங்கிக்கொண்டிருக்கும். தலைமைச் சீடர் ஒருவருக்குத்தான் விலக்கு. இரண்டு கைகளையும் ஒலிக்கே கொடுத்துவிட்டவர் என்று அவருக்கு அந்த மரியாதை.

காலை வழிபாடு முடிந்து கண் திறந்தபோதுதான், கூடத்துக்குள்ளிருந்தே போகும் அறுவை அறையில் சபையின் மருத்துவர் செத்துக் கிடப்பதைக் கண்டார்கள். மண்டை ஓடு உள்வாங்கி, முகம் கூழாகியிருந்தது. ரத்தம் கூரைவரை தெறித்திருந்தது. பக்கத்தில் ஓர் இரும்புக் கை.

பையனைத் தூணில் கட்டிப்போட்டிருந்தார்கள். அடித்த அடியில் ஒரு கண் மூடிவிட்டது. தகப்பனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"அது இவன் கை. விடியக்காலையில மருத்துவர் சட்டையைப் பிடிச்சு, 'என் கையைத் திருப்பிக் குடு'ன்னு கத்தினான். இதுக்கு மேல விசாரணை எதுக்கு?" என்றார் தலைமைச் சீடர். அவருடைய வெள்ளிக் கைகள் பளபளத்தன.

"சண்டை போட்டது நிஜம்," என்றான் பையன். "ஆனா அவர் அழுதாரு. வழிபாடு முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் ஒரு உண்மையைச் சொல்றேன்னாரு."

துப்பறிவாளர் இரும்புக் கையைத் தூக்கிப் பார்த்தார். முஷ்டியில் மயிரும் எலும்புத் துணுக்கும் ஒட்டியிருந்தன. தோளில் பொருந்தும் குழியின் உட்புறத்திலும் ரத்தப் புள்ளிகள். குழிக்குச் சற்றுக் கீழே, தெறித்த ரத்தத்தின் நடுவே ஓரிடம் மட்டும் சுத்தமாக, யாரோ இறுக்கிப் பிடித்த வடிவில் இருந்தது.

எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்தார்.

"கை தோள்ல மாட்டியிருந்தா இந்தக் குழிக்குள்ள ரத்தம் எப்படிப் போகும்?"

"போகாது சார். தோள் அடைச்சுக்கும்," என்றாள் அவசரம்.

"அப்போ இதை யாரும் மாட்டிக்கல. தடி மாதிரி பிடிச்சு அடிச்சிருக்காங்க. இடது கையால பிடிச்சுக் காட்டு."

அவள் பிடித்தாள். சுத்தமான இடத்தில் அவள் விரல்கள் பொருந்தவில்லை. கட்டைவிரல் எதிர்ப்பக்கம் போனது. வலது கைக்கு மாற்றினாள். அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்தது.

"வழிபாட்டு நேரம். கதவு பூட்டியிருக்கு. எல்லார் வலது கையும் சுவத்துல தொங்குது. யார் உடம்புல வலது கை இருந்துச்சு?"

தலைகள் ஒவ்வொன்றாகத் தலைமைச் சீடர் பக்கம் திரும்பின.

அவர் சிரித்தார். "இது இரும்பு, ஐயா. ஒரே குத்துல சுவரே உடையும். எனக்குத் தடி எதுக்கு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். இரும்புக் கை உள்ளவருக்குத் தடி வேண்டாம். மேல தகடு மட்டும் போட்டுக்கிட்டு உள்ளே பிறந்த கையை வெச்சிருக்கிறவருக்கு வேணும். உங்களுக்கு அறுவை செஞ்சதா பொய் சொன்னது மருத்துவர். அதைத்தான் இன்னிக்கு அவர் சொல்லப் போனார். கையைக் கழற்றுங்க."

தலைமைச் சீடர் கழற்றவில்லை. இடுப்பிலிருந்த அறுவைக் கத்தியை உருவிப் பையன் நெஞ்சின் மீது பாய்ந்தார். அதற்குள் மேஸ்திரி குறுக்கே விழுந்துவிட்டார். கத்தி அவர் தோளைக் கிழித்தது. கத்தி பிடித்த வலது கையைத் தரையோடு அமுக்கி, இரும்பு முழங்காலை அதன்மேல் இறக்கினார். தகடு பிளந்தது. எலும்பு முறிந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. பிளவுக்குள் வெயில் படாத வெளுத்த சதை; அதிலிருந்து ரத்தம்.

முன்னால் நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள்.

"என் பொண்ணு கையை வெட்டச் சொன்னியேடா, பாவி!" என்று ஒரு தாய் அலறினாள். கூட்டம் பாய்ந்தது. அவர்கள் பிய்த்தெடுத்த தகட்டோடு தோலும் வந்தது. துப்பறிவாளரும் அவசரமும் அந்த ஆளை இழுத்து அறுவை அறைக்குள் தள்ளித் தாழிட்டார்கள். அடி விழ விழக் கதவு உள்நோக்கி வளைந்தது.

"போலீஸுக்குச் சொல்லிட்டேன். வர்ற வரைக்கும் தாங்குமா சார்?"

"முதுகைக் குடுத்து நில்லு. விசாரிக்காம அந்தப் பையனைக் கொல்றது தப்புன்னா, இவனைக் கொல்றதும் தப்புதான்."

மேஸ்திரி தூணிலிருந்த கட்டை அவிழ்த்தார். பையனின் வலது தோள் வெறுமையாக இருந்தது. இவ்வளவு காலமும் பார்க்க மறுத்த அந்தத் தோளை அவர் பார்த்தார்.

"வண்டி வெளியே நிக்குது. வா."

"அம்மா இதைப் பார்த்தா தாங்குவாங்களாப்பா?"

"பாக்கட்டும்," என்றார். "நான் பக்கத்துல நிக்கிறேன்."