லாரியில் வந்த வார்டு

ஐம்பத்தெட்டு ஜூலையில் ஒரு காலை. ஆஸ்பத்திரிக் காலியிடத்தில் இருந்தவர்கள்: லாரி டிரைவர் கிருஷ்ணப்பா, சூப்பர்வைசர் கிளாரன்ஸ் துரை, நாலு கூலியாட்கள், சாவிக்கொத்தோடு வாட்ச்மேன் ரங்கா, மேஸ்திரி ராஜேந்திரன். சுவர்களும் இருந்தன. பாதி லாரியில், பாதி சேற்றில் படுத்துக்கொண்டு.

நர்ஸ் ரமா கடைசியாக வந்தாள். வந்தவள், சேறு படாமலிருக்க நேரே ஒரு சுவர் மேல் ஏறி நின்றாள்.

"ஏம்மா! செவுத்து மேல நிக்கிறீங்க!" என்று கத்தினான் ராஜேந்திரன்.

அவள் காலடியைப் பார்த்தாள். "இதுவா செவுரு? பலகைன்னு நெனச்சேன்."

"நிமுத்தினா செவுரு."

"படுத்திருந்தா?"

தூறலில் ஒரு துளி அவள் இமையில் தொற்றிக்கொண்டு விழாமல் நின்றது... ராஜேந்திரன் அதையே பார்த்தான். முட்டாள்தனம்தான். இருந்தும் பார்த்தான்.

ஊரில் வைசூரி. நோயாளிகள் வராந்தாவில் கிடந்தார்கள். சுவர், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் பெங்களூர் காக்ஸ் டவுன் பட்டறையிலேயே செய்தாகிவிட்டது. இங்கே நிறுத்தி போல்ட் முடுக்கினால் வார்டு. பொழுது சாய்ந்ததும் ரமா நோயாளிகளோடு உள்ளே போவாள். வெளியே பூட்டு. கடைசி ஆள் குணமாகும்வரை அவளும் வெளியே வர முடியாது.

இதை ரங்கா சொல்லக் கேட்டதிலிருந்து ராஜேந்திரனின் கை மந்தமாகிவிட்டது. 'முடிச்சா அவ உள்ள போயிடுவா...'

அவளோ சுற்றிச் சுற்றி வந்தாள். "திரும்பக் கழட்டலாமா?"

"கழட்டலாம்."

"எல்லா செவுரும் ஒரே அளவா?"

"ஒரே அளவு. எதை வேணா எங்க வேணா மாட்டலாம்."

"அப்போ ஜன்னல் செவுரை எதிர்ப்பக்கம் மாட்டுங்களேன்."

"படத்துல இந்தப் பக்கம்தான் இருக்கு."

"படம் போட்டவரா வந்து படுக்கப் போறாரு?"

கூலியாட்கள் சிரித்துவிட்டார்கள். அது அவனைக் குத்திவிட்டது. "நர்ஸம்மா, நீங்க ஊசி போடுங்க. செவுரு நான் போடறேன்."

அவள் கண்கள் சட்டென்று சுருங்கின. "நீங்க செய்யறது பெட்டி, மேஸ்திரி. உள்ள யாரு இருந்தா பெட்டிக்கு என்ன?"

போய்விட்டாள்.

கோபத்தில் வேலை பறந்தது. மதியத்துக்குள் சுவர்கள் எல்லாம் நின்றுவிட்டன. ஆனால் அந்தப் 'பெட்டி' காதைவிட்டுப் போகவில்லை. அவள் என்னதான் பார்த்தாள்? உள்ளே போனான். கட்டில் வரப்போகும் இடத்தில் மல்லாந்து படுத்து, தலையைத் திருப்பினான்.

ஜன்னல் நிறையப் பிணவறை. வாசலில் ஒரு பாடை சாய்த்து வைத்திருந்தது.

எழுந்து ஸ்பானரை எடுத்தான்.

"என்ன மேன் பண்றே?" கிளாரன்ஸ் துரை ஓடி வந்தார். "படத்தை மாத்தினா வேலை காலி, தெரியுமா?"

"தெரியும் துரை. மாத்திட்டு வந்து பேசறேன்."

"ஹுச்சு, பைத்தியம் புடிச்சிருச்சா உனக்கு?" என்ற கிருஷ்ணப்பா, கேட்டுக்கொண்டே சுவருக்குத் தோள் கொடுத்தான்.

இருட்டுவதற்கு முன் கூரையும் ஏறிவிட்டது. நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தார்கள். ரமா தலையணை, போர்வையோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஜன்னல்ல பஸ் ஸ்டாப் தெரியுது..." என்றாள் மெதுவாக. "ஏன் மாத்தினீங்க?"

"படுத்துப் பாத்தேன்."

"வேலை?"

"துரை நாளைக்கு வரச் சொல்லியிருக்காரு. திட்டவா, துரத்தவா, தெரியல."

"இவ்வளவும் நோயாளிக்காகவா?"

"அவங்களுக்காகத்தான்." இதை விட்டால் எப்போதோ... "காலையில செவுத்து மேல ஏறி நின்னீங்களே... அப்பவே எனக்கு உங்களப் புடிச்சுப் போச்சு. நீங்க வெளிய வர்ற வரைக்கும் தினம் அந்த பஸ் ஸ்டாப்ல வந்து நிப்பேன்."

அவள் போர்வையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "மழை பெய்யுமே?"

"நனையறேன்."

"மொதல்ல போய் அம்மை குத்திக்குங்க. நான் வெளிய வரும்போது நீங்க உள்ள கிடக்கக் கூடாது."

"குத்திக்கிட்டு?"

"தினம் வந்து நில்லுங்க." குரல் இறங்கியது. "எனக்கும்... பாத்துக்கிட்டே இருக்கணும்."

உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். ரங்கா அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.