ஏழாம் பரிசோதனை

செவ்வாய்க் கிரகத்தின் குமிழ்நகர் பாலிடெக்னிக்கில் அன்று செய்முறைத் தேர்வு. மணி அடித்ததும் காலை பேட்ச் மாணவர்கள் காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினார்கள். அங்கே பதித்திருந்த நினைவுவில்லைக்குள் சீனியர்களின் ரெக்கார்டு நோட்டு இறங்கிவிட்டது. ஏழாம் பரிசோதனை, நகரை மூடியிருக்கும் குமிழின் சுவர் எத்தனை தடிமன் என்று ஒலியளவியால் அளப்பது. விடை நாற்பது மில்லிமீட்டர். நாற்பத்தொரு வருடமாக அதே நாற்பது.

சுவரை அளக்க நகர மன்றம் தனியாக ஆள் வைக்கவில்லை. பிள்ளைகள்தான் வருடாவருடம் அளக்கிறார்களே! அவர்கள் எழுதியதன் சராசரியைப் பார்த்து மன்றம் நிம்மதியாக இருந்தது. வெளியே மணற்புயல் ஓயாமல் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

சகாயராணியின் நினைவுவில்லை மட்டும் ரிப்பேருக்குப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் அவள் நிஜமாகவே ஒலியளவியைச் சுவரில் வைத்தாள். பதினொன்று. துடைத்துவிட்டு வைத்தாள். பதினொன்று. பத்து இடத்தில் வைத்துப் பார்த்தாள். அங்கெல்லாம் அதே பதினொன்று. சுவரோரக் கடைசி வரிசையில்தான் அவள் வீடு. அம்மாவும் தம்பியும் இந்நேரம் அங்கேதான் இருப்பார்கள்.

வெளித்தேர்வாளர் தாளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"நாற்பது வரணுமேம்மா. திரும்பப் பாரு."

"பத்து தடவ பாத்துட்டேன் சார். நீங்களே ஒரு தடவ வச்சுப் பாருங்க, கும்பிட்டுக் கேக்குறேன்."

"இருபத்தொம்பது பேருக்கு வந்தது உனக்கு மட்டும் எப்படிம்மா வராமப் போகும்?"

அவர் கருவியைத் தொடக்கூட இல்லை. சராசரி முப்பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போனார். சகாயராணி வெளியே வந்தாள். ஊரே சாகப் போகிறது, இந்த மனிதருக்குப் பசிக்கிறதே!

வராந்தாவில் பிற்பகல் பேட்ச் முப்பது பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏய், ஏழாவதுக்கு அதே நாற்பதுதானே?"

அளந்து பாருங்கள் என்றால் ஒரு பயல் அளக்கமாட்டான். அது அவளுக்குத் தெரியும்.

"இந்த வருஷம் மாறிடுச்சுப்பா. பதினொன்னு. அத எழுதின எனக்கு மட்டுந்தான் முழு மார்க்கு."

மாலையில் முப்பது தாளிலும் பதினொன்று. வெளித்தேர்வாளரின் முகம் வெளிறிவிட்டது. ஒருத்தி சொன்னால் பிழை. முப்பது பேர் சொன்னால் உண்மையாயிற்றே! அபாயச் சங்கு ஊதியது. சுவரோர வீடுகளைக் காலி செய்து, உள்பக்கமாகப் புதுத் தகடு அடித்தார்கள். அதற்கு ஆள் வேண்டுமே? ரிசல்ட் வருமுன்பே அறுபது பேருக்கும் வேலை கிடைத்தது.

அடுத்த வருட மாணவர்களும் ரெக்கார்டைப் பார்த்துப் பதினொன்று என்றே எழுதினார்கள். மன்றம் நடுநடுங்கி இன்னொரு தகடு அடித்தது. அந்த வருடத்து அறுபது பேருக்கும் வேலை. டிப்ளமோ முடித்தால் கையோடு வேலை என்று பாலிடெக்னிக்கில் சேர அடிபிடி. சுவர் தடித்துத் தடித்துத் தெருக்கள் குறுகியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டாம் வருடம் வெளித்தேர்வாளராக வந்தவள், தகட்டுத் துறைத் தலைவி சகாயராணி. நினைவுவில்லை பழுதான ஒரு மாணவி பேயறைந்த முகத்தோடு தாளை நீட்டினாள். நானூற்று மூன்று என்று எழுதியிருந்தது.

சகாயராணி தாளைப் பார்த்தாள். வேலைக்கான உத்தரவை வாங்க வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்தாள். மேசைமேல் இருந்த ஒலியளவியை மெல்லத் தள்ளி வைத்தாள்.

"பதினொன்னு வரணுமேம்மா," என்றாள். "திரும்பப் பாரு."