ஞாயிற்றுக்கிழமை ஓடிய எஞ்சின்

காணிக்காரரின் கடிதத்தை ஜேசுரட்ணம் மூன்றாம் தரமும் வாசித்தான். மூன்றாம் தரமும் அதில் அதே பொய்தான் இருந்தது. போன ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு அவன் வாடகைக்கு எடுத்திருக்கும் கொட்டிலுக்குள் எஞ்சின் ஓடியதாம். ஒரு மணித்தியாலம் விடாமல் ஓடியதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் புல்வெட்டக்கூடத் தடை உள்ள நாட்டில் இது சின்னக் குற்றம் இல்லை. இன்னொரு தரம் நடந்தால் ஒப்பந்தம் முடிந்தது, சாவியைத் திருப்பித் தரவேண்டும் என்று எழுதி அடியில் கையெழுத்தும் போட்டிருந்தார்.

"பச்சைப் பொய்," என்றான். "பன்னிரண்டு மணிக்கு நான் எங்க நிண்டனான்? டுசல்டோர்ஃபில, பூசையில. முதலாம் வாசகம் வாசிச்சதே நான்தான். அவ்வளவு சனமும் பாத்தது."

"அதை அந்தாளிட்டச் சொல்லுங்கோ," என்றாள் அவன் மனைவி கண்மணி. "என்னோட ஏன் கத்திறியள்?"

கத்தாமல் என்ன செய்வது? பத்தொன்பது வருடமாகத் தொழிற்சாலையில் கண்டவன் நின்றவனெல்லாம் அவனை ஏவுகிறான். அந்தக் கொட்டிலுக்குள் மட்டும்தான் அவனை ஏவ ஒருவரும் இல்லை. இருபத்தைந்து, முப்பது வருடப் பழைய தோட்ட ட்ராக்டர்களைத் தேடி வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, பெயின்ற் அடித்து, புல்வெட்டும் தட்டையும் பனி தள்ளும் தகட்டையும் கொழுவி அவற்றை ஓட வைப்பான். கொட்டில் போனால் ஜெர்மனியில் அவனுக்கு மிஞ்சுவது தொழிற்சாலையும் கட்டிலும்தான்.

இப்போது உள்ளே நிற்பது எழுபத்தொன்பதாம் ஆண்டு வண்டி. புரட்டாதியில் ஒரு விதவையிடம் வாங்கியது. இருக்கைக்குக் கீழே ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் எழும்பினால் எஞ்சின் தானாக நின்றுவிடும். பழைய சொந்தக்காரர் அந்தச் சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு வயர்களையும் முறுக்கிக் கட்டி வைத்திருந்தார். இப்படிச் செய்பவர்களைக் கண்டாலே ஜேசுரட்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். கால் விரல் போவதெல்லாம் இந்தச் சோம்பேறித்தனத்தால்தான். வாங்கிய அன்றே முறுக்கை அவிழ்த்துப் புதுச் சுவிட்ச் பூட்டினான். ஏறி இறங்கிப் பத்துத் தரம் சோதித்தான். பத்துத் தரமும் எஞ்சின் நின்றது.

ஆகவே கொட்டிலுக்குப் பக்கத்து வீட்டுப் பிரிங்மன் கிழவியிடம் போனபோது அவனிடம் நல்ல நியாயம் இருந்தது. காணிக்காரரிடம் முறையிட்டவள் அவள்தான். வேலியடியில் நின்றபடியே தொடங்கினான்.

"அந்த வண்டி ஆள் இல்லாமல் ஓடவே ஓடாது. கொட்டிலைப் பூட்டி, சாவியை நான் கொண்டு போய்விட்டேன். பிறகு எப்படி ஓடும்? எனக்குச் சொல்லுங்கள்."

கிழவி அவனை விசித்திரமாகப் பார்த்தாள்.

"ஆள் இல்லை என்று நான் சொல்லவே இல்லையே. கதவு திறந்து கிடந்தது. நீங்கள்தான் ஏறி இருந்தீர்கள். நான் வணக்கம் சொன்னேன், நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை."

அவனுக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா? நேரே வீட்டுக்கு வந்து காணிக்காரருக்குத் தொலைபேசி எடுத்தான். வருகிற ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு நீங்களே வந்து பாருங்கள், நான் கொட்டிலுக்குள்ளேயே இருப்பேன், எஞ்சின் ஓடினால் அந்த இடத்திலேயே சாவியைத் தருகிறேன் என்றான். அவரும் ஒத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு பூசை இரண்டு மணிக்கு. கண்மணி சேலைக்கு மேல் குளிர்ச் சட்டை போட்டு, கொட்டிலுக்கு முன்னால் காருக்குள் இருந்தாள். "கெதியா முடியுங்கோ. உங்கட வீம்புக்கு நான் குளிருக்குள்ள விறைக்கிறன்," என்றாள். அவன் உள்ளே போய்க் கதவின் தாழ்ப்பாளைப் போட்டான்.

பற்றரியைக் கழற்றிச் சுவர்த் தட்டில் வைத்திருந்தான். பெற்றோலை முழுக்க வடித்து ஒரு கலனில் ஊற்றியிருந்தான். வண்டிச் சாவியும் கொட்டில் சாவியும் அவன் காற்சட்டைப் பைக்குள் கிடந்தன. வண்டிக்கு நேர் எதிரே ஒரு மரப்பெட்டியைப் போட்டு இருந்தான். கார்த்திகை மாதத்துச் சாம்பல் வெளிச்சம் பலகை இடுக்குகளால் கீற்றுக் கீற்றாக உள்ளே விழுந்தது, கூரையில் ஈரம் சேர்ந்து எங்கோ ஒரு தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது, கிறீசும் புதுப் பெயின்றும் ஊறிப்போன பழைய மரமும் கலந்த அந்த மணம், மற்ற நாட்களில் அவனுக்கு மனதை ஆற்றும் மணம், இன்றைக்கு ஏனோ தொண்டையில் ஒட்டிக்கொண்டது. வரட்டும், அந்தக் கிழவியையும் கூட்டிக்கொண்டு வரட்டும், மன்னிப்புக் கேட்க வைக்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது.

கடைசி மணியோசை அடங்கியபோது புது மணம் ஒன்று வந்தது. முகச்சவரம் செய்தபின் அவன் பூசும் தைலத்தின் மணம். அவன் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். அவசரத்தில் இன்றைக்குச் சவரம் செய்யவில்லை.

இருக்கையின் வில்லுக் கம்பி கிறீச்சிட்டது.

ஜேசுரட்ணம் பார்த்துக்கொண்டே இருந்தான். கறுப்பு இருக்கை மெதுவாகக் கீழே அமிழ்ந்தது, ஒரு பாரமான மனிதன் சாவகாசமாக ஏறி இருப்பதைப் போல. சுவிட்ச் 'டிக்' என்றது. அவன் பூட்டிய சுவிட்ச். அவனுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியது.

அவன் பாய்ந்து எழும்பினான். பயத்தைவிடக் கோபம்தான் முந்தியது. எவன்டா அது? என்ர கொட்டிலுக்குள்ள, என்ர வண்டியில? பிளக் வயரைப் பிடித்து இழுத்தான். கழன்று கையோடு வந்தது. எஞ்சின் ஓடியது. பற்றரியைப் பார்த்தான். தட்டிலேயே இருந்தது. எஞ்சின் ஓடியது. பலகை இடுக்கில், தெருமுனையில் திரும்பும் ஒரு கார் தெரிந்தது. காணிக்காரர். இன்னும் அரை நிமிடம், அதோடு கொட்டில் போய்விடும்.

ஒரே ஒரு வழி. ஆள் எழும்பினால் நிற்கும்.

"எழும்படா," என்று உறுமிக்கொண்டு வெறும் இருக்கைக்கு மேலே கையை வீசினான்.

கையில் சட்டை அகப்பட்டது.

சூடான சட்டை. உள்ளே தோள். அவன் விடவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தான். இருக்கை மேலே எழும்பியது. எஞ்சின் நின்றது.

அமைதி.

பிறகு சீமெந்துத் தரையில் காலடி. இடது காலைச் சற்று இழுத்து வைக்கும் நடை. அவனுடைய நடை. தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. வெளிச்சத்தில் காணிக்காரர் நின்றார், அவருக்கு முன்னால் ஒரு முதுகு. அவன் போட்டிருந்த அதே நீலச் சட்டை. பின்தலையில் சிறு வழுக்கை.

"வணக்கம், திரு. ஜேசுரட்ணம்," என்றார் காணிக்காரர், அந்த முதுகுக்குரியவனிடம். "உள்ளே ஒரு சத்தமும் இல்லையே. அந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டது. நான் மன்னிப்புக் கேட்கிறேன். கடிதத்தைக் கிழித்து எறியுங்கள்."

"மன்னிப்பா?" என்றது அது. அவனுடைய குரல். அவனுடைய உடைந்த ஜெர்மன். அவனுடைய கோபம், ஒரு சொட்டும் குறையாமல். "எழுத்தில் தாருங்கள்."

"நான் இஞ்ச நிக்கிறன்!" ஜேசுரட்ணம் கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். காணிக்காரர் அவனுக்கு ஊடாக வண்டியைப் பார்த்து, நல்ல வேலைப்பாடு என்று தலையாட்டினார்.

கதவு மூடிக்கொண்டது. வெளியே பூட்டு விழுந்தது. காற்சட்டைப் பையைத் தடவினான். இரண்டு சாவியும் இல்லை. ஓடிப்போய்ப் பலகை இடுக்கில் கண்ணை வைத்தான்.

கண்மணி காரை விட்டு இறங்கி நின்றாள்.

"கண்மணி, அது நானில்லை! கண்மணி!"

அவள் அதன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவள் முந்தானையின் நுனியை நாக்கில் நனைத்து, அதன் கன்னத்தில் இருந்த கிறீசை அழுத்தித் துடைத்தாள். அது கண்ணை மூடி, முகத்தை அவளிடம் கொடுத்துக்கொண்டு நின்றது.